விமான மாதிரிச் சேகரிப்பு: புதிய வெளியீடுகளும் முன்பதிவும் – பணம் கட்டுமுன் அறிந்துகொள்ள வேண்டியவை

பாசிர் கூடாங் – ஜொகூர் நீரிணைக்கு இந்தப் பக்கம் பாசிர் கூடாங். அந்தப் பக்கம் சிங்கப்பூரின் செலேத்தார் விமான நிலையம். வடக்கிலிருந்து செலேத்தாரில் இறங்கும் விமானம் பாசிர் கூடாங் பக்கமாகத்தான் வர வேண்டும். இதை வைத்தே 2018-ஆம் ஆண்டு இறுதியில் இரு நாடுகளுக்கும் இடையே பிணக்கு மூண்டது. செலேத்தாருக்குக் கருவிவழித் தரையிறங்கு முறையைச் சிங்கப்பூர் அறிவித்தபோது, அந்தப் பாதையால் பாசிர் கூடாங்கில் கட்டடங்களின் உயரமும் துறைமுகப் பணியும் பாதிக்கப்படும் என்று மலேசியா எதிர்ப்புத் தெரிவித்தது. பாசிர் கூடாங்கின் வான்வெளி கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. சுபாங்கிலிருந்து சிங்கப்பூர் சென்றுவந்த ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் ஏடிஆர் 72 சேவை 2018 டிசம்பர் 1 முதல் நின்றுபோனது. 2019 ஏப்ரலில் இரு அரசுகளும் உடன்பாடு கண்ட பிறகே அது மீண்டும் தொடங்கியது.

இரு நாடுகளைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்த அந்த ஏடிஆர் 72 விமானம் 27.2 மீட்டர் நீளம் கொண்டது. அதை 400-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 6.8 சென்டிமீட்டர்; ஏறக்குறைய ஒரு விரல் நீளம். இப்படிச் சுருக்கி, துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்து, நிறுவனத்தின் வண்ணமும் வால் சின்னமும் பதிவெண்ணும் அச்சிட்டு விற்கப்படுவனவே டைகாஸ்ட் விமான மாதிரிகள். இவற்றைச் சேகரிப்போர் உலகம் முழுதும் உள்ளனர். துறைமுகத்திலும் எண்ணெய், இரசாயன ஆலைகளிலும் முறை வேலை பார்ப்போர் நிறைந்த பாசிர் கூடாங் போன்ற ஊர்களுக்கும் இந்தப் பழக்கம் இணையக் கடைகளின் வழி எளிதில் வந்து சேர்ந்துவிடுகிறது. பட்டத் திருவிழாவுக்குப் பெயர்பெற்ற இந்த ஊருக்கு இதில் இன்னோர் உறவும் உண்டு. 1995 முதல் அனைத்துலகப் பட்டத் திருவிழா இங்கே நடந்துவருகிறது; மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களின் வாலில் இருப்பதும் ‘வாவ்’ எனப்படும் மலாய்ப் பட்டம்தான்.

பொழுதுபோக்கு என்ற அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் முன்பதிவில்தான் தொடங்குகிறது. பொருள் இன்னும் வார்ப்பில்கூட ஏறாத நிலையில் வாங்குபவர் பணம் கட்டிவிடுகிறார். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று கொண்டால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி. ஒரு மாதிரியின் விலை 200 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் அது மூன்று நாள் உழைப்பு. அந்தப் பணம் எங்கே போகிறது, எப்போது பொருளாகத் திரும்பும் என்று தெரிந்துகொள்வது சேகரிப்பின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

பொம்மையிலிருந்து மாதிரிக்கு

உலோகத்தில் வார்த்த சிறு விமானங்கள் புதியவை அல்ல. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஃபிராங்க் ஹார்ன்பி தொடங்கிய மெக்கானோ நிறுவனம் 1934-இலேயே டிங்கி டாய்ஸ் வரிசையில் விமானங்களை விற்றது. 1973-இல் மேட்ச்பாக்ஸ் நிறுவனம் ‘ஸ்கைபஸ்டர்ஸ்’ என்ற விமான வரிசையைக் கொண்டுவந்தது. நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய பலர் சிறு வயதில் கையில் பிடித்தது இந்த வகையைத்தான். அவை விளையாட்டுப் பொருள்கள். அளவு விகிதம் சரியாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

1990-களில் நிலைமை மாறியது. ஜெர்மனியின் ஹெர்ப்பா நிறுவனம் 1:500 அளவில் பயணிகள் விமானங்களை வெளியிட்டது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரைச் சேர்ந்த ஜெமினி ஜெட்ஸ் 1:400 அளவைப் பரவலாக்கியது. ஹாங்காங்கின் டிராகன் விங்ஸும் அதே அளவில் இறங்கியது. இன்று ஃபீனிக்ஸ், என்ஜி மாடல்ஸ், ஜேசி விங்ஸ், ஏரோகிளாசிக்ஸ், இன்ஃபிளைட் 200 எனப் பல பெயர்கள் சந்தையில் உள்ளன. போர் விமானங்களுக்கு ஹாபி மாஸ்டர், கோர்கி போன்றவை தனி. தயாரிப்பு பெரும்பாலும் சீனாவில் நடக்கிறது.

டைகாஸ்ட் தொழிலில் மலேசியாவும் சும்மா வேடிக்கை பார்த்த நாடு அல்ல. உலகெங்கும் விற்கும் ஹாட் வீல்ஸ் கார்களில் பெரும்பங்கு பினாங்கு, பிறையில் உள்ள மெட்டல் நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து போகிறது. காரின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் ‘மலேசியாவில் தயாரிக்கப்பட்டது’ என்ற எழுத்து இருக்கும். விமான மாதிரியும் அதே தொழில்நுட்பம்தான். ஏறக்குறைய 400 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகக் கலப்பு உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கிறார்கள். பிசிறு நீக்கி, வண்ணம் பூசி, மென்மையான சிலிக்கான் திண்டால் எழுத்துகளையும் சன்னல்களையும் ஒற்றி எடுக்கிறார்கள்.

இதில் செலவு மிகுந்தது எஃகு அச்சு. ஒரு அச்சைச் செய்துவிட்டால் அதிலிருந்து எத்தனை நிறுவனங்களின் விமானத்தையும் வார்க்கலாம். புதிய வெளியீடுகளின் இரகசியம் முழுதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு தயாரிப்பாளர் ஏர்பஸ் ஏ330-க்குப் புதிய அச்சுச் செய்தால், அடுத்த ஓராண்டு, ஈராண்டுக்கு அந்த அச்சில் நாட்டுக்கு நாடு, வண்ணத்துக்கு வண்ணம் மாதிரிகள் வந்துகொண்டே இருக்கும். நமக்கு வேண்டிய விமானம் இந்தத் தவணையில் இல்லையென்றால் அடுத்ததில் வரக்கூடும். அதனால் “இப்போது விட்டால் இனிக் கிடைக்காது” என்ற விற்பனைப் பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

எந்த அளவு?

வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே இதற்குப் பதில். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் நீளம் 72.7 மீட்டர், இறக்கை விரிவு ஏறக்குறைய 79.8 மீட்டர். 1:400 அளவில் அது 18 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். 1:200 அளவில் இரண்டும் இரட்டிப்பாகும். ஒரு அலமாரித் தட்டில் அது ஒன்றுதான் நிற்கும். போயிங் 737-800 என்றால் 1:400-இல் 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே தட்டில் ஏழெட்டை அடுக்கலாம். குறைந்த விலை வீடுகளிலும் அடுக்குமாடியிலும் இருப்போர் 1:400 பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். 1:200 அளவில் சக்கரக் கூண்டு, வானலைக் கம்பி முதலிய நுணுக்கங்கள் தெளிவாகத் தெரியும். விலையும் அதற்கேற்ப ஏறும். போர் விமானங்களுக்கு 1:72 வழக்கம். மலேசிய ஆகாயப்படையின் சுகோய் எஸ்யூ-30எம்கேஎம் அந்த அளவில் 30 சென்டிமீட்டர் நீளம் வரும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானத்துக்குள்ளும் விமான நிலையக் கடைகளிலும் விற்கப்படும் மாதிரிகளில் பல, பாகங்களைப் பொருத்தி நிறுத்தும் பிளாஸ்டிக் வகை. அவை மோசம் என்பதில்லை. பிள்ளைகளுக்கு வாங்கித் தர ஏற்றவை. ஆனால் உலோக மாதிரியின் விலை கொடுத்துப் பிளாஸ்டிக்கை வாங்கிவிடக் கூடாது. விற்பனைக் குறிப்பில் ‘டைகாஸ்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வெளியீட்டு அறிவிப்பைப் படிப்பது எப்படி

தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் மாதந்தோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். அதில் விமான நிறுவனம், விமான வகை, பதிவெண், அளவு ஆகியவை இருக்கும். புதியவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் பதிவெண்ணைப் பார்ப்பார்கள். பதிவெண் என்பது காரின் எண்தகடு போன்றது. மலேசிய விமானங்களுக்கு 9எம், சிங்கப்பூருக்கு 9வி, இந்தியாவுக்கு விடி, இலங்கைக்கு 4ஆர் என்று தொடங்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே வகை விமானங்கள் பத்து இருந்தாலும் ஒவ்வொன்றின் கதையும் வேறு.

எடுத்துக்காட்டாக, மலேசியா ஏர்லைன்ஸின் 9எம்-எம்ஆர்ஏ என்ற போயிங் 777-200இஆர். 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் சியாட்டலிலிருந்து கோலாலம்பூருக்கு எங்கும் இறங்காமல் 20,044 கிலோமீட்டர் பறந்து, அந்நாளில் உலகச் சாதனை படைத்தது அந்த விமானம். அதே நிறுவனம் வைத்திருந்த ஏ380 விமானங்கள் ஆறே ஆறு. அவற்றில் ஒன்று, ஏர்பஸ் உலகுக்கு வழங்கிய 100-ஆவது ஏ380. 2013 மார்ச்சில் பிரான்சின் துலூஸ் நகரில் அது ஒப்படைக்கப்பட்டது. செம்பருத்திப் பூ வரைந்த போயிங் 747-400, ‘நெகாராகூ’ வண்ணம் தாங்கிய ஏ350 ஆகியவையும் மலேசியச் சேகரிப்பாளர்கள் தேடுபவை.

இயந்திரத்தையும் பார்க்க வேண்டும். மலேசியா ஏர்லைன்ஸின் ஏ330-300 விமானங்கள் பிராட் அண்ட் விட்னி இயந்திரம் பூட்டியவை. ஏர்ஆசியா எக்ஸின் ஏ330-300 விமானங்களில் இருப்பது ரோல்ஸ் ராய்ஸ். இரண்டின் உறை வடிவமும் வேறு. தயாரிப்பாளர் சோம்பல்பட்டு ஒரே இயந்திரத்தை இரண்டிலும் ஒட்டிவிட்டால், தெரிந்தவர் கண்ணுக்கு அது மாற்றுச் செருப்பு போட்டதுபோல் உறுத்தும். போயிங் 737-800-க்கு இறக்கை முனை ஒரே கிளையாக மேல்நோக்கி வளையும். புதிய 737-8-க்கு மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும். முன்பதிவு அறிவிப்பில் வரும் படம் பெரும்பாலும் கணினியில் வரைந்தது. உண்மையான மாதிரியின் ஒளிப்படம் வரும்வரை இந்தத் தவறுகள் வெளியே தெரியாது. முன்பதிவைவிட, பொருள் வெளியான பிறகு வாங்குவதே பாதுகாப்பு என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பழைய காலத்தை விரும்புவோருக்குத் தனிப் பாதை உண்டு. 1947-இல் மலாயன் ஏர்வேஸ் சிறிய ஏர்ஸ்பீட் கான்சல் விமானத்தோடு சேவை தொடங்கியது. பின்னர் டிசி-3 வந்தது. 1963-இல் மலேசியன் ஏர்வேஸ், 1966-இல் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 1972 அக்டோபர் 1 முதல் மலேசிய விமான நிறுவனம் தனியாகவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனியாகவும். நாடு பிறந்து, சேர்ந்து, பிரிந்த வரலாறு இந்த வால் சின்னங்களில் இருக்கிறது. ரஜூலா கப்பலில் வந்த தாத்தா பாட்டிக்கு விமானம் எட்டாக்கனி. பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் காலத்து டிசி-3-ஐ 10 சென்டிமீட்டர் மாதிரியாக அலமாரியில் வைக்கிறார்கள்.

கடாரம் கொண்டவன் பெயரில் ஒரு ஜம்போ

தமிழ்ச் சேகரிப்பாளர்கள் மற்றவரைவிட ஒரு படி கூடுதலாகத் தேட வேண்டிய விமானம் ஒன்று உண்டு. ஏர் இந்தியா 1971 முதல் வாங்கிய போயிங் 747 விமானங்களுக்கு இந்தியப் பேரரசர்களின் பெயர்களைச் சூட்டியது. முதல் விமானம் ‘எம்பரர் அசோகா’. விடி-ஈபிஎன் என்ற பதிவெண் கொண்ட விமானத்தின் பெயர் ‘எம்பரர் ராஜேந்திர சோழா’. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பெயரில் இன்னொரு விமானம் இருந்தது. 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடல் கடந்து படையெடுத்து, இன்றைய கெடாவான கடாரத்தை வென்றவன் ராஜேந்திரன். அவனுடைய பெயர் தாங்கிய ஜம்போவின் சிறு உருவம் மலேசியத் தமிழர் வீட்டு அலமாரியில் இருப்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு.

அந்த விமானங்களுக்கு ‘வானத்தில் உங்கள் அரண்மனை’ என்று விளம்பரம் செய்தது ஏர் இந்தியா. ஒவ்வொரு சன்னலையும் சுற்றி இராஜஸ்தான் மாடங்களைப்போல் சிவப்பு வளைவு தீட்டியது. 1:400 அளவில் ஒரு சன்னல் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதைச் சுற்றி வளைவு அச்சிடுவது அச்சுக்கலையின் உண்மையான சோதனை. ஏர் இந்தியா 747 மாதிரி எது வந்தாலும் முதலில் அந்த வளைவுகளைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கோடு கலங்கியிருந்தால் வாங்காமல் விடலாம். பெயரும் பதிவெண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும். விமானம் மாறினால் பேரரசரும் மாறிவிடுவார்.

கான்கார்டும் ஜொகூர் நீரிணை வட்டாரத்தோடு தொடர்புள்ள கதைதான். பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டன், பஹ்ரேன், சிங்கப்பூர் தடத்தில் 1977 டிசம்பரில் கான்கார்டை இயக்கின. அதற்காக ஜி-பிஓஏடி என்ற விமானத்தின் இடப்பக்கத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணமும் வலப்பக்கத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணமும் தீட்டப்பட்டன. ஒலிவேக முழக்கத்தைக் காட்டி மலேசியா ஆட்சேபித்ததால் சில முறை பறந்ததோடு சேவை நின்றது. 1979 ஜனவரியில் வேறு தடத்தில் மீண்டும் தொடங்கி 1980-இல் முடிந்தது. இரண்டு பக்கமும் இரு வேறு வண்ணமுள்ள அந்தக் கான்கார்டின் மாதிரியை விற்பவர் ஒரு பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால், மறுபக்கத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

விழுந்த விமானங்களின் எண்கள்

சேகரிப்பாளர்கள் தங்களுக்குள்ளும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இது. 9எம்-எம்ஆர்ஓ என்பது 2014 மார்ச் 8-ஆம் தேதி 239 பேருடன் காணாமல் போன எம்எச்370. 9எம்-எம்ஆர்டி என்பது அதே ஆண்டு ஜூலை 17-இல் உக்ரேனில் 298 பேருடன் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17. ஏர் இந்தியாவின் பேரரசர் வரிசையில் ‘கனிஷ்கா’ 1985 ஜூன் 23-இல் அட்லாண்டிக் கடலின் மேல் வெடிகுண்டுக்கு இரையானது. 329 பேர் இறந்தனர்.

ஜொகூருக்கு இதில் நெருக்கமான துயரம் ஒன்று உண்டு. 1977 டிசம்பர் 4-ஆம் தேதி பினாங்கிலிருந்து கோலாலம்பூர் புறப்பட்ட எம்எச்653, கடத்தப்பட்டு, ஜொகூரின் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. அந்தப் போயிங் 737-200-இல் இருந்த 100 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. யாருடைய உடல் எது என்று அடையாளம் காண முடியாமல், ஜொகூர்பாரு கெபுன் தே சாலையில் கூட்டாக அடக்கம் செய்தார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. பழைய மலேசிய விமான நிறுவன வண்ணத்தில் 737-200 மாதிரி தேடுவோர், அந்த விமானத்தின் எண் 9எம்-எம்பிடி என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்த எண்கள் உள்ள மாதிரியை வைத்திருப்பது குற்றமல்ல. விபத்துக்கு முன்பே வாங்கியவர்கள் இருப்பார்கள். நினைவாகப் போற்றி வைப்பவர்களும் இருப்பார்கள். ஆனால் “அரிய எண்” என்று கூவி விலையை ஏற்றி விற்பது வேறு. அந்த விமானங்களில் போனவர்களின் குடும்பங்கள் இந்த நாட்டில்தான் வாழ்கின்றன. ஒரு நகரத்துச் சந்தையில் யார் யாருக்கு உறவு என்று விற்பவருக்குத் தெரியாது. இந்த வகையில் கூடுதல் விலை கொடுப்பதைத் தவிர்ப்பதே முறை.

முன்பதிவின் நடைமுறை

தயாரிப்பாளர் அறிவிக்கிறார். உலகெங்கும் உள்ள கடைகள் தங்களுக்கு எத்தனை வேண்டும் என்று சொல்கின்றன. கடைக்காரர் வாடிக்கையாளரிடம் முன்பதிவு திறக்கிறார். சிலர் முன்பணம் எதுவும் கேட்பதில்லை. சிலர் ஒரு பகுதி கேட்பார்கள். சிலர் முழுத்தொகையையும் கேட்பார்கள். பிறகு தொழிற்சாலையில் வேலை நடக்கும். கப்பலிலோ விமானத்திலோ சரக்கு வரும். சில மாதங்கள் பிடிப்பது இயல்பு, தாமதம் சகஜம். அச்சில் குறை கண்டுபிடித்தால் இன்னும் தள்ளிப்போகும். சில வேளைகளில் வெளியீடே கைவிடப்படும்.

இத்தனை கைகள் மாறுவதால், இடையில் ஒரு கை தடுமாறினாலும் வாங்குபவருக்குத்தான் இழப்பு. முழுத்தொகையையும் முன்கூட்டியே கேட்கும் தனிநபர் விற்பனையாளரைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். கட்டும் முன்பணம் போனால் போகட்டும் என்று தாங்கிக்கொள்ளக்கூடிய அளவில் இருக்க வேண்டும். வெளியீடு கைவிடப்பட்டால் பணம் திரும்புமா, வாங்குபவரே விலகினால் என்ன ஆகும், வெள்ளி மதிப்புச் சரிந்தால் விலை ஏறுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். புலனத்தில் வந்த பதிலாக இருந்தாலும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

மலேசியாவில் இணையவழி விற்பவர் தம் பெயர், வணிகப் பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை, பொருள் வந்துசேரும் உத்தேசக் காலம் ஆகியவற்றைக் காட்டியாக வேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான மின்வணிக விதிமுறைகள் கூறுகின்றன. பதிவு எண் கேட்டதும் விற்பவர் கோபப்பட்டால், அதுவே போதுமான பதில். பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் அரச மலேசியக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இரண்டு நிமிட வேலை. பணம் போய்விட்டது, ஏமாற்றம் என்று உணர்ந்த உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணை அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தால் பணம் கணக்குகள் மாறிப் போய்விடும். பிறகு காவல்துறையில் புகார்.

மோசடி இல்லை, ஆனால் கடைக்காரர் பொருளும் தரவில்லை, பணமும் தரவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். பலருக்கு இது தெரியாமலே 200, 300 வெள்ளியைக் கைகழுவிவிடுகிறார்கள். ஆனால் இந்த மன்றம் வணிகம் செய்பவருக்கு எதிரான கோரிக்கைகளுக்கானது. ஒரு சேகரிப்பாளர் இன்னொருவரிடம் பழைய மாதிரியை வாங்கி ஏமாந்தால் இது உதவாது. வெளிநாட்டுக் கடையென்றாலும் நடைமுறையில் கடினம்தான்.

வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையவழி வாங்கப்படும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவுபெற்ற விற்பனையாளர்களும் தளங்களும் பணம் செலுத்தும்போதே இதைச் சேர்த்துவிடுவார்கள். 300 வெள்ளி மாதிரி என்றால் 330 வெள்ளி. அஞ்சல் செலவு தனி. 500 வெள்ளிக்கு மேல் போனால் வழக்கமான சுங்க நடைமுறை. சிங்கப்பூரில் வேலை செய்வோர் அங்கேயே வாங்கிவரலாமே என்று நினைப்பது இயல்பு. அங்கே பொருள் சேவை வரி 9 விழுக்காடு. சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பையும் பெருக்கிப் பார்த்தால் பல வேளைகளில் மிச்சம் பெரிதாக இராது. பெட்டியைத் திறந்து, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம் என்பதே அங்கே கிடைக்கும் உண்மையான நன்மை.

முதலீடாக நினைத்து முன்பதிவு செய்வோரும் உண்டு. சில மாதிரிகளின் விலை ஏறியது உண்மை. ஆனால் அதே தயாரிப்பாளர், அல்லது போட்டியாளர், அதே விமானத்தை மேம்பட்ட அச்சில் மீண்டும் வெளியிட்டால் பழையதன் விலை சரிந்துவிடும். அப்படி நடப்பது அரிது அல்ல. தேங்கிப்போன சரக்கைக் கடைகள் தள்ளுபடியில் தள்ளுவதும் வழக்கம். பொறுமை உள்ளவருக்கு அதுவே அறுவடைக் காலம்.

பொருள் வந்த பிறகு

பெட்டியைப் பிரிக்கும்போது கைப்பேசியில் தொடர்ந்து காணொலி எடுப்பது நல்லது. உடைந்த வானலைக் கம்பி, சாய்ந்த சக்கரம், கீறிய வண்ணம் போன்ற புகார்களுக்கு அது சான்றாகும். வார்ப்பு உலோகம் கனமாக இருப்பதால் மாதிரி உறுதியானது என்று எண்ணிவிடக் கூடாது. முனைகளும் சக்கரத் தண்டுகளும் மெலிந்தவை. இறக்கையைப் பிடித்துத் தூக்காமல் நடு உடலைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

பழைய மாதிரிகளை வாங்குவோர் ‘துத்தநாக நோய்’ பற்றி அறிந்திருக்க வேண்டும். வார்க்கும் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், ஆண்டுகள் போகப் போக உலோகம் உள்ளுக்குள் சிதைந்து, வீங்கி, வெடித்து, கடைசியில் கையில் பொடியாக உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய டிங்கி விமானங்கள் பல இப்படித்தான் அழிந்தன. ஈரமும் வெப்பமும் அதைத் துரிதப்படுத்தும். இந்த நோய்க்கு மருந்து இல்லை. மேற்பரப்பில் மெல்லிய விரிசலோ கொப்புளமோ தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்கக் கூடாது. கலவையின் தூய்மை மேம்பட்டுவிட்ட இன்றைய மாதிரிகளில் இது அரிது.

கடலோர ஊரான பாசிர் கூடாங்கில் காற்றிலேயே உப்பும் ஈரமும் உண்டு. கண்ணாடிக் கதவுள்ள அலமாரி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம், நிறம் மாறியதும் அதை மாற்றுவது ஆகியவை போதும். வெயில் நேரே விழும் சன்னலோரம் வேண்டாம். வெள்ளை வண்ணம் மஞ்சளித்துவிடும். சாமி அறைக்கு அருகில் அலமாரி இருந்தால் ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை நாளடைவில் படியும். தூசியை மென்மையான ஒப்பனைத் தூரிகையால் தட்ட வேண்டும். ஈரத்துணியும் சாராயம் கலந்த துடைப்பானும் அச்செழுத்தை அழித்துவிடும்.

அட்டைப் பெட்டியையும் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். பெட்டி இல்லாத மாதிரிக்கு மறுவிற்பனையில் மதிப்புக் குறைவு. வீடு மாறும்போதும் பாதுகாப்பாகக் கொண்டுபோக அந்தத் தட்டுதான் கைகொடுக்கும். வாங்கிய தேதி, விலை, கடை, பதிவெண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, ரசீதை அதில் ஒட்டிவைத்தால், பிற்காலத்தில் சேகரிப்பு பிள்ளைகள் கைக்குப் போகும்போது எது என்ன விலைக்குரியது என்று தெரியாமல் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் நிலை வராது.